படத்துக்கு வெளியே கிளீனர் சீட்

என் வீட்டு ஹாலில் ஒரு புகைப்படம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது. பெரிய சைஸ். கறுப்பு ஃப்ரேம். அதில் போட்டிருக்கும் கண்ணாடி என் மூக்குக் கண்ணாடியைவிட உசத்தி.

போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சண்முகவேல். நாமக்கல்லில் எங்களுக்கு அடுத்த தெரு. ஆறு நாள் கோழித் தீவன வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை புகைப்படக் கலை.

"நீங்களே வெச்சுக்குங்க சார். என்ர ஊட்டுல மாட்ட மனசு வரலீங்க."

பரிசு வாங்கிய படம். எடுத்தவருக்கே மாட்ட மனசு வரவில்லை என்றால் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அந்தப் படத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு... அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சிரிக்க வைக்கும் விஷயம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ரீட் போட்டோகிராபி என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு விடிந்ததும் ஏழெட்டுப் பேர் கழுத்தில் கேமராவோடு கிளம்புவார்கள். சேலத்துப் பழைய பஸ் ஸ்டாண்டு, பாலத்தடி, சந்தை வாசல், லாரிப் பட்டறை. யாரைத் தேடி? வீடும் வேலையும் உள்ளவனை அவர்கள் தேடுவதில்லை. என் முகத்திலும்தான் சுருக்கம் ஏராளமாக இருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் இருப்பதால் இதுவரை ஒரு கேமராவும் திரும்பியதில்லை. அதே சுருக்கம் அழுக்குத் துணிக்கு மேல் இருந்தால் கலை.

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். ஒரு சென்ட் நிலத்தை அளப்பதென்றாலும் பக்கத்துக் காட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகவேண்டும். அவர் வந்து நிற்கலாம், ஆட்சேபிக்கலாம். ஒரு மனிதனின் முகத்தை அளந்துகொண்டு போவதற்கு? நோட்டீசும் இல்லை, ஆட்சேபணைக்கு அவகாசமும் இல்லை. "அப்படியே இருங்க" என்ற ஒரு வார்த்தை போதும்.

சேலம் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. நான் காலை நடை முடிந்து டீ குடிக்கும் கடைக்குப் பக்கம். பட்டறையின் பின்பக்கம் பழைய லாரி கேபின் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது, முன் கண்ணாடியும் போய்விட்டது. நாலு மூலையிலும் செங்கல் கொடுத்து நிறுத்திய வெறும் கூடு.

அதில் இரண்டு பேர் குடியிருந்தார்கள்.

வலது சீட்டில் இருந்தவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கே லோடு ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போய், நாலைந்து சொல் மட்டும் மிச்சம். இடது சீட்டில், அதாவது கிளீனர் சீட்டில், செல்லாயி. ஐம்பதைத் தாண்டிய பெண். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். புருஷன் விட்டுப் போனபின் இங்கே வந்து பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். இவருக்கும் டிரைவருக்கும் தாலி, பந்தல், பத்திரிகை எதுவும் நடக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நான் அறிந்த ஆதாரம் அவ்வளவுதான்.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிளீனர் பாடியை இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. தினமும் காலையில் செல்லாயி டம்ளரில் டீ வாங்கி வருவார். கேபின் கதவை டப், டப் என்று தட்டுவார். "ரைட்... போலாம்." அதுவரை டிரைவர் வாயைத் திறக்கமாட்டார். தட்டிய பிறகுதான் டீ. டீக்குப் பிறகுதான் அன்றைய பொழுது.

பட்டறைக்காரர் பழனிச்சாமி இதை வைத்துக் கிண்டல் செய்வார்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு எந்த ஊரு லோடு?"

"நாக்பூரு, சாமி. நீயும் வாரயா?"

"வரலாமுங்க. எடம் இருக்குதா?"

"எடம் கெடக்குது. மொதல்ல நாலு டயரு மாட்டிக் குடு. வண்டி இப்பிடியே நின்னா உம்பட பேருதான் கெட்டுப்போகும்."

இந்த இடத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராக்கள் வந்தன. நான் அன்று ஊரில் இல்லை. அடுத்த மாதம் சேலத்தில் கண்காட்சி நடந்தது. சண்முகவேலின் படத்துக்கு முதல் பரிசு. என் மொபைலுக்கும் வந்தது. கண்ணாடியில்லாத கேபின், உள்ளே டிரைவர், முகத்தில் பாதி வெயில். மற்றதெல்லாம் இருட்டு. தலைப்பு: 'தனிப் பயணம்'.

பார்த்ததும் ஏதோ இடித்தது. என்ன என்று பிடிபடவில்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு அது குரூப் குரூப்பாக ஓடியது. முதல் குரூப்பில் வெறும் படம். இரண்டாவதில், 'பெற்ற பிள்ளைகள் கைவிட்ட ஓட்டுநர்' என்று ஒரு வரி. மூன்றாவதில் மகனை அவர் லாரி ஓட்டியே இன்ஜினீயருக்குப் படிக்கவைத்திருந்தார். நான்காவதில் அந்த மகன் அமெரிக்காவுக்கே போய்விட்டான். எல்லோரும் அழுதார்கள். மொபைலில் அழுவதற்கு ஒரு விரல் போதுமே!

அழுதவர்களில் யாரோ ஒருவர் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்குப் போன் போட்டார். சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இல்லம் அது. பெயர் வேண்டாம். வேன் வந்தது. பழனிச்சாமி சாமான் வாங்கத் திருச்செங்கோடு போயிருந்தார். செல்லாயி மதியச் சோற்றுக்காக ஒரு கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் நின்றிருந்தார். பட்டறை ஆட்கள் நல்ல காரியம் என்று நினைத்து டிரைவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றி விட்டார்கள்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. முதலில் தாடியோடும் முடியோடும் டிரைவர். பின்னணியில் சோகப் பாட்டு. அடுத்து மொட்டைத் தலை, மழித்த முகம், புது லுங்கி. பாட்டும் மாறிவிட்டது. இந்தக் காரியத்தில் முதல் வேலை தலையை மழிப்பது. பெயரைக் கேட்பது பிறகு.

மறுநாள் செல்லாயி என் வீட்டுக்கு வந்தார். மனு எழுதிக் கொடுக்கும் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"எங்க டிரைவரக் கொண்டுபோயிட்டாங்க ஐயா. கேட்டு வாங்கிக் குடுங்க."

"எங்க இருக்காருன்னு தெரியுமாம்மா?"

"பழனிச்சாமி செல்லுல காட்டுச்சுங்க. மொட்ட அடிச்சு உட்டிருக்காங்க. முந்தாநேத்துத்தான் எண்ணெய் தேச்சு சீவி உட்டேன்."

"அங்க கட்டில் இருக்கும்மா. டாக்டர் வருவாரு. வேளாவேளைக்குச் சோறு..."

"இருக்குமுங்க. ஆரு இல்லேன்னது? அவுரு பேசுறது அங்க ஆருக்குங்க வெளங்கும்? தண்ணி வேணும்னா 'டீசல்'ங்குவாரு. ஒண்ணுக்கு வந்தா 'டோல்கேட்'டு. அவிய என்னத்தக் கண்டாங்க? டோல்கேட் டோல்கேட்டுன்னு கத்திக் கத்தி, கட்டில்லயே போயிருவாரு. அப்பறம் அடிப்பாங்க."

"அடிக்கமாட்டாங்கம்மா."

"வைவாங்க" என்றார். "அதுக்கே அவுரு ரெண்டு நாளைக்குச் சோறு தின்ன மாட்டாரு."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. எந்த மனுவிலும் இரண்டாவது வரி அதுதான். அது இல்லாமல் மூன்றாவது வரிக்குப் போகமுடியாது.

செல்லாயி கொஞ்சம் யோசித்தார்.

"கிளீனருங்க" என்றார்.

இல்லத்துக்குப் போன் செய்தேன். பொறுப்பாளர் ஒரு பெண்மணி. மரியாதையாகத்தான் பேசினார்.

"ரத்த சொந்தம்னா ஆதாரோட வரச் சொல்லுங்க சார். சம்சாரம்னா ரேஷன் கார்டுல பேர் இருக்கணும். யாரோ வந்து கேட்டாங்கன்னு அனுப்பிட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?"

"அவருக்கு இருக்கிறது அந்த அம்மா மட்டும்தான்."

"படத்துல ஒண்டியாத்தானே சார் இருக்காரு? ஊரே பார்த்திருக்கு."

அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். கண்ணுக்கு எதிரே ஒரு ஆவணம் இருக்கும்போது, வாய்வார்த்தையை எந்த அதிகாரி நம்புவார்?

"சாப்பிடறாரா?" என்றேன்.

"வாங்கவே மாட்டேங்கறாரு. ஜன்னலப் பார்த்துட்டே இருக்காரு. பழகிடும் சார்."

"கட்டில்ல ரெண்டு தட்டு தட்டிட்டுக் குடுத்துப் பாருங்க."

"சரிங்க சார்" என்றார். ரிட்டயர் ஆனவர்களுக்கென்றே ஒரு 'சரிங்க சார்' உண்டு. போனை எப்போது வைப்பீர்கள் என்று அர்த்தம்.

செல்லாயி இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அந்தப் படத்துல நானும் இருந்தேனுங்க. டம்ளரக் குடுக்குறாப்பல கைய நீட்டுங்கன்னு அந்தத் தம்பிதான் சொல்லுச்சு. படத்துல ஒரு பிரிண்டு தாரேன்னும் சொல்லுச்சு."

அப்போதுதான் எனக்கு இடித்தது எது என்று பிடிபட்டது. கிளீனர் சீட்!

சண்முகவேலின் தீவனக் கடைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒளிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை ஒளிக்க எதுவும் இல்லை.

முழுப் படம் திரையில் வந்தது. வலது சீட்டில் டிரைவர். இடது சீட்டில் செல்லாயி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, டம்ளரை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். வாயைக் கோணிக்கொண்டு சிரிக்கிறார். டிரைவர் பார்ப்பது தூரத்தை இல்லை, டம்ளரை. பரிசு கொடுத்தவர்கள் 'தொலைந்த பாதையைத் தேடும் பார்வை' என்று எழுதியிருந்தது அந்த டீயைப் பற்றித்தான்.

"ஏன் வெட்டினீங்க?"

"சப்ஜெக்ட் ஒண்ணுதான் இருக்கோணும் சார். ரெண்டு பேரு இருந்தா ஃபேமிலி போட்டோ ஆயிருமுங்க."

"ஆயிட்டா என்னங்க?"

"ஃபேமிலி போட்டோவுக்கு ஆரு சார் பிரைஸ் குடுப்பாங்க?"

கேலியாகச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கம் சொன்னார். ஓரத்தில் செல்லாயியின் இரண்டு விரல் மட்டும் மிஞ்சியிருந்ததாம். அதையும் சாஃப்ட்வேரில் துடைத்தாயிற்று. என் சர்வீசில் பட்டாவில் ஒரு எழுத்தைச் சுரண்டியவன் மேல் போலீசுக்குப் புகார் எழுதியிருக்கிறேன். விரலைச் சுரண்டினால் பரிசா?

விஷயத்தைச் சொன்னேன். சண்முகவேலின் முகம் மாறிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கணமே முழுப் படத்தைப் பிரிண்ட் போட ஆளை அனுப்பினார். "எத்தன காப்பி வேணும் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். மனுவை நானே எழுதினேன். இணைப்பு ஒன்று: முழுப் படம். இணைப்பு இரண்டு: வெட்டிய படம். 'மேற்படி இருவரும் பல ஆண்டுகளாக மேற்படி லாரி கேபினிலேயே ஒன்றாக வசித்து வருகின்றனர்' என்று எழுதினேன். அந்த வரி இல்லாமல் மனு நிற்காது. உறவுக்குத் தாலி இல்லை, கார்டு இல்லை. ஒரே இடத்தில் இருந்தார்கள் என்பதுதான் அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி.

செல்லாயி கைநாட்டு வைத்தார். மை உலரும் முன்னே, "எப்ப வருவாருங்க?" என்றார்.

"விசாரிச்சு அனுப்புவாங்கம்மா."

"அவுருகிட்டயே விசாரிக்கச் சொல்லுங்க. ரெண்டு தட்டு தட்டுனா எந்திரிச்சு வந்துருவாரு."

ஒரு மனு உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு ஒன்று, நகல் இன்னொரு பிரிவுக்கு. முதல் மேஜையில் இருந்தவர் என் மனுவை நான் எழுதிய பொருளிலேயே படித்தார். 'இல்லத்தில் உள்ளவரின் விருப்பத்தை நேரில் விசாரித்து, அதன்படி அனுப்பி வைக்கவும்.' நியாயமான உத்தரவு. இரண்டாவது மேஜைக்காரரும் அதே வரியைத்தான் படித்தார். லாரி கேபினில் பல ஆண்டுகளாக ஒரு பெண் வசிக்கிறார். வீடு இல்லை, பாதுகாப்பு இல்லை. புகைப்பட ஆதாரமும் இணைக்கப்பட்டுள்ளது! 'மேற்படி பெண்ணை உடனே மீட்டு மகளிர் இல்லத்தில் சேர்க்கவும்.'

அவரைத் திட்ட முடியவில்லை. நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். ஆண்கள் இருக்கும் இல்லத்தில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். ஆக அரசாங்கத்தின் கணக்குப்படி இருவருக்கும் நல்லது செய்தாகிவிட்டது. ஆளுக்கொரு ஊரில்.

எது முதலில் நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு ஆளை விடுவிக்க விசாரணை வேண்டும், வாக்குமூலம் வேண்டும், அதை எழுத ஒருவர் போகவேண்டும். ஒரு ஆளைப் பிடிக்க வேன் மட்டும் போதும்.

வேன் வந்தபோது செல்லாயி பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பழனிச்சாமி சொன்னார்.

"வீடியோவுல வந்த அதே மாதிரி வெள்ள வேனுங்க சார். வெளக்கமாத்த அப்படியே போட்டுது. மூட்டையக்கூட எடுக்கல. பின்னால பொடக்காலி வழியா ஒரே ஓட்டம். அம்பது வயசுப் பொம்பள அந்த ஓட்டம் ஓடி நாம் பாத்ததில்லீங்க."

"நீங்க நிறுத்தலையா?"

"அக்கா, உனக்குத்தான் வந்திருக்குது, நல்லது பண்ணத்தான் வந்திருக்கறாங்கன்னு கத்துனனுங்க. நல்லதுன்னதும் இன்னும் வேகமா ஓடுச்சு."

கரூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பரமத்தி வேலூர் வரை போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு, காவிரிப் படித்துறை, வெற்றிலை மண்டி, பழைய கொடிக்கால் ஆட்கள். 'வந்தா சொல்றமுங்க' என்றார்கள். சண்முகவேல் தன் காரில் கூடவே வந்தார். திரும்பும் வழியில் கேட்டார்.

"அந்தக்கா மொகம் மட்டும் நல்லாத் தெரியற மாதிரி ஒரு படம் இருக்குதுங்க சார். குரூப்புல போட்டாத் தேடிரலாமுங்களா?"

"போட்டா என்ன வரும்?" என்றேன்.

வெள்ளை வேன் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தொலைந்தவரைத் தேடப் படம் போடுவது ஊர் வழக்கம். படத்தால் தொலைந்தவரை எதைப் போட்டுத் தேடுவது?

அந்த வாரமே டிரைவரிடம் விசாரணை நடந்தது. எங்கே போகவேண்டும் என்று கேட்டார்களாம். 'வண்டி' என்றாராம். விருப்பம் தெளிவாகப் பதிவு செய்யப்பட்டது. இல்லத்துக்காரர்கள் குறை சொல்ல இடமில்லாமல் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டார்கள். ஒரு பையில் மாற்றுத் துணி, போர்வை, மாத்திரை எல்லாம் கொடுத்து.

நேற்றுக் காலை போயிருந்தேன். டிரைவர் வலது சீட்டில் உட்கார்ந்திருந்தார். மொட்டையில் முடி குத்துக் குத்தாக முளைத்திருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. முழுப் படத்தின் பிரிண்ட் ஒன்றை, சாமி படம் ஒட்டும் இடத்தில், பழனிச்சாமி ஒட்டி வைத்திருந்தார். டிரைவர் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கிளீனர் சீட்டில் செல்லாயியின் மூட்டை அப்படியே இருந்தது.

"டீ குடிக்கவே மாட்டேங்கறாருங்க சார்" என்றார் பழனிச்சாமி. "நேத்து நாந் தட்டிப் பாத்தேன்."

"இன்னொரு தரம் தட்டுங்க."

பழனிச்சாமி டம்ளரோடு இடப்பக்கமாகப் போய்க் கதவைத் தட்டினார். டப், டப். "ரைட் போலாம்" என்றார். கிண்டல் குரலில் அதைச் சொல்லிப் பழகியவர். நேற்று அந்தக் குரல் வரவில்லை.

டிரைவர் சட்டென்று இடது பக்கம் திரும்பினார். பழனிச்சாமியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பார்த்தார். பிறகு இடது கையைக் குறுக்கே நீட்டி, தன் பக்கத்துக் கதவை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

நிறுத்து.

முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில்லாத கேபின். முகத்தில் பாதி வெயில். மற்றதெல்லாம் இருட்டு.

சேலத்தில் பரிசு கொடுத்த நடுவர்களுக்கு ஒரு தகவல்: 'தனிப் பயணம்' என்ற தலைப்பு இப்போது சரியாக இருக்கிறது.